செல்லக்கிளி சொல்லித்தான்

1966 ஆவணியில் ரங்கநாயகிக்கு அந்த வேலை கிடைத்தது. கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்தி கிராமத்தில் யார் வழியாக யாரிடம் போகிறது என்று திருச்சியில் ஓர் அலுவலகம் ஆராய்ந்துகொண்டிருந்தது. முசிறிக்கு அப்பால் ஓர் ஊரை அவளுக்கு ஒதுக்கினார்கள். கையில் படிவத்தோடு வந்தவளை ஊர்ப் பெண்கள் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். ஒன்பதாவதுதான் முக்கியம்: 'லூப்பைப் பற்றி உங்களிடம் முதலில் சொன்னது யார்?' லூப் என்பது கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்.

ரேடியோ, சுவரொட்டி, நர்ஸ் என்று பதில் வரும் என அலுவலகத்தில் எதிர்பார்த்தார்கள். பெண்கள் வேறு சொன்னார்கள்.

"செல்லக்கிளிதாங்க சொன்னா."

செல்லக்கிளி நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். நான்காவது பிள்ளைக்குப் பிறகு முசிறி முகாமுக்குத் தானே நடந்து போய் லூப் போட்டுக்கொண்டு வந்தவள். வரிசையில் குனிந்து நடும்போது பக்கத்தில் இருப்பவளிடம் அதைச் சொல்லிவிடுவாள். அவள் பேச்சைக் கேட்டுப் பதினேழு பேர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரங்கநாயகி ஒரு தாளில் வட்டங்கள் போட்டு, அவளிடமிருந்து பதினேழு கோடுகள் இழுத்தாள். அலுவலகத்தில் அதிகாரி அந்தத் தாளை எல்லோருக்கும் காட்டினார்.

புரட்டாசியில் ஒருநாள் பஸ் நிற்கும் இடத்துக்குச் செல்லக்கிளி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், இருபது நாளா உதிரம் நிக்க மாட்டேங்குது."

"சில பேருக்கு அப்படி இருக்கும். டாக்டரைப் போய்ப் பாருங்க."

"நடவு முடியட்டும், போறேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தத் தாள் ரங்கநாயகியின் நினைவுக்கு வந்தது. "இப்போதைக்கு மத்தவங்ககிட்ட சொல்ல வேண்டாம். பயந்துடுவாங்க" என்றாள்.

"சரிங்க டீச்சர்."

பத்து நாள் கழித்துச் செல்லக்கிளி வயலில் முகம் குப்புற விழுந்தாள். தூக்கிய பெண்கள் அவள் சேலையைப் பார்த்தார்கள். வண்டி கட்டி முசிறிக்கும், அங்கிருந்து திருச்சிக்கும் கொண்டுபோனார்கள். லூப்பை எடுத்து, இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். அதே வாரம் பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் போய் எடுத்துவிட்டு வந்தார்கள்.

ரங்கநாயகி மறுபடி வீடுவீடாகப் போனாள். எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டாள்.

"யாரு சொல்லணும்? நாங்கதான் கண்ணால பாத்தோமே" என்றாள் பாப்பாயி. நடவில் செல்லக்கிளிக்குப் பக்கத்தில் நிற்பவள் அவள். "அவளுக்கு இத்தனை நாளாத் தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா?"

ரங்கநாயகி அதை அப்படியே எழுதினாள். உள்ளே ஏதாவது உறுத்தும் என்று சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். உறுத்தவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

கார்த்திகையில் களையெடுப்புக்குப் பாப்பாயிதான் ஆள் கூட்டினாள். செல்லக்கிளியை அழைக்கவில்லை. ரங்கநாயகி போனபோது செல்லக்கிளி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"சொன்னா உங்களையும் ஊருக்குள்ள விட மாட்டாங்க." முறத்தைத் தட்டினாள். "எனக்குத்தான் வேலை போச்சு. ரெண்டு பேருக்கும் எதுக்கு?"

ரங்கநாயகி நேராக வயலுக்குப் போய் வரப்பில் நின்று பாப்பாயியிடம் நடந்ததைச் சொன்னாள். மற்ற பெண்களும் நிமிர்ந்து கேட்டார்கள்.

"நீங்க வெளியூருங்க. உங்க வேலை உங்களுக்கு" என்றாள் பாப்பாயி. "அவ எங்கூடவே நின்னவ." மறுபடி குனிந்துகொண்டாள்.

அன்று ராத்திரி அண்ணி தட்டில் சோறு போட்டாள். ரங்கநாயகி முழுவதும் சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை.

தை மாதம் அவளை உப்பிலியபுரம் பக்கம் மாற்றினார்கள். முதல் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு, "அதைப் போட்டுக்கிட்டா ஏதாச்சும் ஆகுமாங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் படிவத்தில் இடமில்லை. ரங்கநாயகி பேனாவை மூடினாள். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு ஆகும் என்றாள். செல்லக்கிளிக்கு நேர்ந்ததையும் தான் அவளிடம் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "எனக்கு வேண்டாங்க" என்று உள்ளே போனாள்.

ரங்கநாயகி 'மறுப்பு' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.