புதன்கிழமைக்கு ஏழு சம்மதம்

புதிய குடியரசில் கிழமை மாற வேண்டுமானால் அதில் சேர்ந்த ஏழு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். முன்பெல்லாம் கிழமைகளைப் பேரரசு அனுப்பிக்கொண்டிருந்தது. அது கப்பலேறிய பின், இனி யாரும் யாரையும் அதட்டக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், மத்திய அரசுக்கு ஒரேயொரு அதிகாரம் தந்தார்கள்: பணிவுடன் கேட்டுக்கொள்வது.

கிழமைத் துறைச் செயலர் பொன்னரங்கம் புதன்கிழமையைப் பணிவுடன் கேட்டு நாற்பத்தொரு கடிதங்கள் எழுதிவிட்டார். ஆறு நாடுகள் சம்மதித்தன. ஏழிலும் சிறியதான நொச்சிக்குறிச்சிக்குச் செவ்வாய்தான் சந்தை நாள். சந்தை அமோகமாக நடந்துகொண்டிருந்தது. ஆகவே குடியரசெங்கும் நாற்பத்தோராவது செவ்வாய். ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ என்ற பழமொழியைப் பாடநூல்களிலிருந்து நீக்கும்படி அரசு பணிவுடன் கேட்டது. இரண்டு நாடுகள் நீக்கின. ஒன்று பெரிய எழுத்தில் அச்சிட்டது.

பொன்னரங்கத்துக்குச் சொந்த முறையிலும் ஒரு புதன் தேவைப்பட்டது. மகள் செண்பகவல்லிக்கு அன்று காலையில்தான் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முதல் செவ்வாயே வந்து இறங்கியிருந்தார்கள். செவ்வாயன்று சலூன் திறப்பதில்லை என்பதால் மாப்பிள்ளை தாடிக்குள் போய்விட்டார்.

“இன்னும் ரெண்டு செவ்வாய் பாப்போம் சம்பந்தி, அப்புறம் கிளம்பிடுவோம்” என்றார் மாப்பிள்ளையின் தாயார் வேலம்மாள்.

“உங்க ஊர்லயும் செவ்வாய்தானேம்மா?”

“ஆமா. ஆனா அங்க சாம்பார்ல உப்பு இருக்கும்.”

பொன்னரங்கம் அன்றே மாநாடு கூட்டினார். தலைக்கணக்குப்படிதான் கிழமை என்றது ஏழிலும் பெரியதான பெருவளநாடு. நொச்சிக்குறிச்சிப் பிரதிநிதி சடையாண்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

“தொண்ணூறு லட்சம் பேரும் ஒரே கிழமையிலதானய்யா இருக்கப்போறீங்க. என்னமோ ஆளுக்கொண்ணு வேணுங்கிற மாதிரி பேசுறீங்க?”

மாலைக்குள் சமரசம் ஆயிற்று. பகல் பன்னிரண்டு வரை தலைக்கணக்கு. அதன்பின் பழையபடி ஏழு சம்மதம். வாக்கில்லாத உப்பளத் தொழிலாளர்களை ஐவருக்கு மூவராக எண்ணலாம் என்று ஒரு துணை உடன்பாடும் எழுதினார்கள். எந்த மூவர் என்பது எழுதப்படவில்லை. உப்பளத்திலிருந்து யாரும் வந்திருக்கவுமில்லை.

மறுநாள் புதனாக விடிந்தது. சலூன் திறந்தது. ஒன்பது மணிக்குத் தாலி ஏறியது. செண்பகவல்லி மாப்பிள்ளையின் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தாள். பரவாயில்லை என்று தோழியிடம் சொன்னாள். பதினொன்றரைக்குப் பந்தி. பாயசம் வரும்போது சங்கு ஊதிச் செவ்வாய் பிறந்தது.

மாப்பிள்ளை மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பார்ப்பது முறையல்ல என்று, தலைகுனிந்தபடி ஜாகைக்குப் போனார். வேலம்மாள் சீர்வரிசைத் தட்டுகளைத் திருப்பி அடுக்கினார். பொன்னரங்கம் மூலைகளில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு கைகழுவும் இடத்தில் போய் நின்றார்.

பந்தியிலிருந்து எழுந்து வந்த சடையாண்டி ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரு கைகளாலும் பத்திரிகையை வாங்கினார்.

“அவசியம் வர்றேங்க” என்றார். “மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?”

பொன்னரங்கம் ஊரைச் சொன்னார்.