அலெய்டின் கிண்ணம்

யூட்டா மீன் அரிந்த கையோடு ஒருநாளும் பரண் ஏறியதில்லை. அன்றைக்கு நேரமாகிவிட்டது. அப்படியே ஓடிவந்து பூசைக்கு முழங்கால் போட்டாள்.

ஹார்லெம் நகரத்தில் கத்தோலிக்கருக்குக் கோவில் ஏது? இருந்ததையெல்லாம் சீர்திருத்தச் சபைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு, பூசைக்கும் தடை போட்டு எத்தனையோ வருஷமாயிற்று. விதவை யூட்டாவின் வீட்டுப் பரண்தான் கோவில்.

அங்கே இருந்த ஒரே பெரிய சொத்து வெள்ளிப் பூசைக் கிண்ணம். தண்டைச் சுற்றித் திராட்சைக் குலை, பாதத்தைச் சுற்றிச் சிறகு வைத்த சம்மனசுகளின் முகம். அத்தனையும் அவள் மகள் அலெய்டின் வெள்ளி. பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் அந்தப் பெண். ஞானஸ்நானத்துக்கு வந்த கரண்டி, இடுப்புச் சங்கிலி, கல்யாணத்துக்கென்று சேர்த்தது எல்லாவற்றையும் தட்டானிடம் கொடுத்து உருக்கச் சொன்னாள் யூட்டா. அடித்தட்டில் மகள் பெயரையும் வெட்டச் சொன்னாள். பட்டறையிலிருந்து நேரே ஆயரிடம் போய், மந்திரித்து வந்தது கிண்ணம். மந்திரித்த பாத்திரத்தைக் குருவின் கைதான் தொடலாம். பெற்றவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

"யூட்டாம்மா, நீ பூசை காண வர்றியா, மகளைப் பாக்க வர்றியா?" என்று குருவான லாம்பெர்ட் சாமி கிண்டல் பண்ணுவார்.

"நீங்க தூக்கிக் காட்டுறப்ப ரெண்டும் ஒண்ணுதான் சாமி."

அன்று பூசை முடிந்து சனம் கலைந்திருந்தது. வாசலில் காவல் நின்ற ஹில்லெ மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். "சாமி, நகர அதிகாரியோட ஆளுங்க. எப்பவும் காசு வாங்கிக்கிட்டு முன்னாடியே சொல்லி விடுவாங்க, இன்னிக்குச் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாங்க."

சாமி நற்கருணைப் பெட்டியைப் பீடத் துணியோடு சுருட்டி மார்பில் அணைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போகும் கதவில் ஒரு காலை வைத்துக்கொண்டே, "யூட்டாம்மா, கிண்ணத்தை எடுத்துக்கிட்டு பின்னாலயே வா" என்றார். ஹில்லெயும் அவர் பின்னால் போய்விட்டாள்.

கிண்ணம் இருந்த பீடத்துக்கு நாலு எட்டுதான். யூட்டா கையை நீட்டினாள். கையெல்லாம் செதில். முன்துணியிலும் அதே கவிச்சி. இந்தக் கையாலா தொடுவது என்று சலவைத் துணி எடுக்கக் கீழே ஓடினாள் பைத்தியக்காரி. அந்த அவசரத்திலும் பின்னறை அலமாரியில் கிழியாத துணியாகப் பார்த்துத் தேடினாள். என்னத்தைச் சொல்ல, அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி.

துணியோடு மேலே வந்தபோது பரண் முழுக்க ஆட்கள். ஒருத்தன் கிண்ணத்துக்குள் கட்டைவிரலை விட்டுத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெறுங்கையால தொடாதீங்க ஐயா. இந்தத் துணியால பிடிச்சுக்கோங்க."

"உருக்கப் போற சாமானுக்குத் துணி ஒரு கேடா, கிழவி?" என்று சாக்கில் போட்டான்.

மறுநாள் சாமி வந்தார். யூட்டா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் துணி, மடிப்புக் கலையாமல்.

"நாலு எட்டும்மா. ஏன் எடுத்துட்டு வரல?"

"கை அழுக்கு சாமி. சுத்தமா இருந்தாலும் நான் தொடலாமா?"

சாமி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆபத்துல யாரு வேணாலும் தொடலாம். பாவமே இல்ல. இத்தனை வருஷத்துல நான்தான் அதை ஒருநாளும் சொல்லித் தரல."

யூட்டா அவரையே பார்த்தாள்.

"அப்ப என் பிள்ளையை நேத்து ஒருதரம் கையில வச்சிருந்திருக்கலாம்" என்றாள்.