கடிதத்தில் ஆள் இல்லை

இரண்டாவது கடிதமும் திரும்பி வந்தபோது மணி மூன்றரை. ஐந்துக்குள் ஒழுங்கான பதில் போகாவிட்டால், நாளை முதல் பால் ஆலையின் டேங்கர் கிப்லோல் பால் சங்கத்துப் பக்கம் எட்டிப் பார்க்காது. நானூறு வீட்டுப் பால் ஓடையில்தான் போகும்.

சங்கத்துச் செயலாளர் செப்ங்கெனோ கைபேசியைத் திறந்தாள். ஆலையின் கொள்முதல் அதிகாரி வைரிமு, கடிதத்தைப் படம்பிடித்துக் கைபேசிக்கே அனுப்பியிருந்தார்.

'பாலில் ஊசி மருந்து கலந்திருப்பது கண்டறியப்பட்டது. தகுந்த நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. ஒப்பந்தம் தொடரப்படும்படி பணிவுடன் வேண்டப்படுகிறது.'

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரே சொல்: யார்?

"அந்தம்மாவுக்கு என்னதான் வேணுமாம்?" என்றார் சேர்மன் அரப் லாங்காட். கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தவர் அவர்தான். "எவ்வளவு மரியாதையா எழுதினோம்."

"மரியாதை இருக்குங்கய்யா. ஆள்தான் இல்ல. பால் தானா நடந்துபோய் டேங்க்ல குதிச்ச மாதிரி இருக்கு."

சேர்மன் சிரிக்கவில்லை. பால் தானாகக் குதிக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை, மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் கொண்டுவந்தவர் அவர். மற்றவர்கள் கேனிலெல்லாம், மருந்து இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டையை நனைத்த செப்ங்கெனோ, சேர்மன் கேனை மட்டும் வழக்கம்போல நேரே டேங்கில் கவிழ்த்தாள். சேர்மனின் பாலைச் சந்தேகப்படுவதாவது!

ஜன்னலில் ஒரு தலை. "கடிதம் போச்சா அக்கா?"

"போச்சு. திரும்பியும் வந்துருச்சு."

கேட்டவள் நகரவில்லை. அவளுக்குப் பின்னால், சங்கத்துக்குப் பால் ஊற்றுபவர்கள் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

செப்ங்கெனோ கணினியில் எல்லாவற்றையும் அழித்தாள். முதலிலிருந்து தட்டினாள்.

'திங்கட்கிழமை நான் ஒரு கேனைச் சோதிக்காமல் டேங்கில் ஊற்றினேன். சேர்மன் லாங்காட் ஊசி போட்ட மாட்டின் பாலை அதில் கொண்டுவந்தார். மற்ற எல்லோரும் சுத்தமான பால் கொடுத்தார்கள். இனி யார் கேனையும் நாங்கள் சோதிக்காமல் வாங்க மாட்டோம். டேங்கரை அனுப்புங்கள்.'

அவள் அச்செடுத்துக் கொடுத்ததைச் சேர்மன் இரண்டு முறை படித்தார். சங்கத்து முத்திரை அவருடைய கோட்டுப் பையில்தான் எப்போதும் இருக்கும். அது விழாமல் எந்தக் காகிதமும் வெளியே போகாது.

"என் பேரை எடுத்துரு, புள்ள. உன் பேரு போதாதா?"

"எடுத்தா, யார் கேனுன்னு கேப்பாங்க. நான் நாலாவது கடிதம் எழுதறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிரும்."

"உன் பேரை ஏன் முதல்ல போட்டே?"

"கவுத்தது என் கைதானே."

அவர் ஜன்னலைப் பார்த்தார். முப்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். முத்திரையை எடுத்து அழுத்திய அழுத்தில் மை நாலு பக்கமும் பரவியது. செப்ங்கெனோ அதை அப்படியே படம்பிடித்து வைரிமுவுக்கு அனுப்பினாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தது. வைரிமுவேதான்.

"டேங்கர் காலையில ஆறுக்கு வரும். உங்க சேர்மன் வீட்டுப் பால் ஒரு வருஷத்துக்கு வேண்டாம். நீங்களும் டேங்க் பக்கத்துல நிக்கக் கூடாது."

செப்ங்கெனோ கண்ணை மூடிக்கொண்டாள். "இது யாரோட முடிவு மேடம்?"

"நான் எடுத்த முடிவு."

அவள் பால் வாங்கும்போது போடும் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, டேங்க் சாவியோடு ஜன்னலில் நின்றவளிடம் நீட்டினாள். "நாளைக்கு நீ நில்லு. யார் கேனா இருந்தாலும் பட்டையை நனை."