கண்ணாடி அறையின் திரை

மலர்வளையம் வாசலில் நுழைய மறுத்தது. ஜெனரல் மேனேஜர் முன்னால் நின்று இழுக்க, அவருடைய டிரைவர் பின்னால் நின்று தள்ள, கடைசியில் பீரோ ஏற்றுகிறவர்களைப் போல இருவரும் அதைச் சாய்த்து உள்ளே கொண்டுவந்தார்கள். குறுக்கே ஓடிய நாடாவில் சலவை நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மிச்சமிருந்த மூலையில் ‘மாஸ்டர்’ என்று சின்னதாகப் போட்டிருந்தார்கள்.

“எங்கம்மா வைக்கிறது?”

“கால்மாட்டுல வைங்க. பாத்து, அவரை மறைச்சிடப் போகுது,” என்றாள் அம்மா.

மகள் தலைமாட்டில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்த நிறுவனத்தில் அவள்தான் மேற்பார்வையாளர். படுத்திருப்பவர் அவளுக்கு அப்பா. அவளுக்குக் கீழே வேலை பார்த்தவரும்கூட. படுக்கை விரிப்பை மடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் மாஸ்டர் என்று பெயர்.

ஜெனரல் மேனேஜர் தொண்டையைச் செருமினார். யாரும் பேசச் சொல்லவில்லை. அது அவருக்கு என்றைக்கும் ஒரு தடையாக இருந்ததில்லை.

“மாஸ்டர் மாதிரி ஒரு ஊழியர் இனிமே பிறந்துதான் வரணும். ஒருநாள் லேட்டுன்னு உண்டா? எதிர்த்து ஒரு வார்த்தை உண்டா? கடைசி வரைக்கும் கடிகாரம் மாதிரி!”

மகள் தரையைப் பார்த்தாள். அந்தக் கடிகாரம் ஒரு வருஷமாகத் தாமதமாக ஓடிக்கொண்டிருந்தது இவருக்குத் தெரியாதா என்ன? அவள் மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்தே அப்பாவின் போக்கு மாறிவிட்டது. மடித்த விரிப்பில் மூலையும் மூலையும் ஒட்டாது. உட்கார்ந்தால் எழமாட்டார். யாராவது கேட்டால், “போய் எங்க மேடம்கிட்ட சொல்லிக்கோ” என்பார். வாரம் தவறாமல் அவரை மாடியிலிருந்த கண்ணாடி அறைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

வீட்டில் ‘ஏ கழுதை’ என்று கூப்பிடுகிறவர், அங்கே கைகட்டி நிற்பார். “சொல்லுங்க மேடம்.” முதல் தடவை, கீழே இருப்பவர்கள் பார்க்க வேண்டாமென்று அவள் திரையை இறக்கினாள். அவர் எட்டிக் கயிற்றை இழுத்துத் திரையை ஏற்றிவிட்டு மறுபடி கைகட்டிக்கொண்டார். அடுத்த தடவையும் அதேதான். பெற்ற அப்பனை நிற்கவைத்துத் திட்டுகிறவள் என்று ஊருக்குக் காட்டுகிறாரா? அவள் பல்லைக் கடித்தாள். “உங்க அட்டிட்யூட் சரியில்ல” என்று அவள் சொன்ன அன்று சாயங்காலம், அவர் எதிர்வீட்டுக்காரரிடம், “எனக்கு அட்டிட்யூட் இருக்காம்யா. எங்க வம்சத்துலயே யாருக்கும் இருந்ததில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“உங்க அப்பாவை நீங்களே பாத்துக்குங்க. நான் சொன்னா நல்லாருக்காது,” என்று போன வாரம் சொல்லியிருந்தார் ஜெனரல் மேனேஜர். அவர் சொன்னால் நன்றாக இருக்காத எல்லாமே மேல்மாடியிலிருந்து இறங்கி அவளிடம்தான் வரும். வெள்ளிக்கிழமை அவள் சொல்லிவிட்டாள். “திங்கட்கிழமைலேர்ந்து நீங்க வர வேண்டாம். உடம்பும் முடியல, வேலையும் நடக்கல.”

“சரிங்க மேடம்.” அன்றைக்கும் திரை மேலேதான் இருந்தது.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கியே திரிந்தாள். ஞாயிறு காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் மாரடைப்பு என்றார். அவள் காதில் அது தன் பெயர் மாதிரி விழுந்தது.

இன்று திங்கட்கிழமை. மாஸ்டர் வேலைக்குப் போகவில்லை. சலவைக்கூடமே அவரைத் தேடி வந்திருந்தது. பொத்தான் தைக்கும் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, வெள்ளிக்கிழமை கீழ வந்தப்ப அப்பா அழுதாரா?”

“அழுதாரா? மெஷினை நிறுத்துங்கடான்னு ஒரே சத்தம்! ‘பாத்தீங்களா, என்னையே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டா! பெத்தவன்னு பாக்கல, தாட்சண்யம் பாக்கல. மேனேஜர்னா அவ மேனேஜர்!’ எல்லாருக்கும் டீ வேற.”

“கிண்டலுக்குச் சொல்லியிருப்பாரு.”

“அட போம்மா. நீ திட்டி அனுப்பினா அன்னைக்கு எங்களுக்கு வேலை ஓடாது, கீழ வந்து கேட்டுக்கிட்டே இருப்பாரு. ‘விரலை நீட்டினா பாத்தியா? பேனாவை வச்ச தோரணையைப் பாத்தியா?’ ஒருநாள் நான் பாக்கலன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். ஒரு வாரம் என்கூடப் பேசல மனுஷன்.”

“அதுக்காக வேணும்னேவா தப்பா மடிச்சாரு?”

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். “இல்லம்மா. அது நிஜம். நீ அந்த நாற்காலிக்கு வர்றதுக்கு முன்னாடியே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, மறைச்சாரு. நீ வந்தப்புறம் மறைக்கிறதை விட்டுட்டாரு. ‘எப்படியும் எவனோ ஒருத்தன் என்னைத் திட்டத்தான் போறான். என் பொண்ணு திட்டினா அது மரியாதை’ன்னாரு.”

மகள் திரும்பி அப்பாவின் கைகளைப் பார்த்தாள். யாரோ அவற்றை மார்பின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள்.

ஜெனரல் மேனேஜர் புதிதாக வந்த நான்கு பேருக்காகப் பேச்சை முதலிலிருந்து தொடங்கியிருந்தார். “ஒருநாள் லேட்டுன்னு...”

“தினமும் லேட்டு சார்,” என்றாள் மகள். மாடி அறையின் குரல்; சத்தமே இல்லாமல் கடைசி மெஷின் வரை கேட்கும். வாசலில் சாய்ந்து நின்ற சலவைக்கூடத்து ஆட்கள் தாமாகவே நிமிர்ந்தார்கள். “ஒரு வருஷமா அவர் வேலை சரியில்ல. நான்தான் நிறுத்தினேன்.”

ஜெனரல் மேனேஜரின் வாய் திறந்தபடி நின்றது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பெத்தவன்னு பாக்கல,” என்றாள், அப்பாவின் அதே ராகத்தில். பொத்தான் அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வந்தது, அப்பாவை ஏற்றினார்கள். மலர்வளையம் அதில் ஏறவில்லை. ஜெனரல் மேனேஜர் அதை மடியில் வைத்துக்கொண்டு தன் காரில் உட்கார்ந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அவருக்குத்தான் போட்டது போலிருந்தது. வண்டிக்காரர் பின்கதவைச் சாத்தி, பக்கத்துக் கண்ணாடியின் திரையை இழுத்து மூடினார்.

“அதைத் திறந்து விடுங்க,” என்றாள் மகள்.

“தெருவுல போறவங்க பாப்பாங்களேம்மா.”

“பாக்கட்டும்.”

அவர் திரையை விலக்கினார். உள்ளே, அப்பா கைகட்டிக்கொண்டு படுத்திருந்தார்.