பதினொன்று இருபதுக்குத் திறக்கும் கதவு

மருத்துவமனை மருந்துக் கிடங்கின் ஸ்டோர்கீப்பருக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி வகுப்புக்குப் போகச் சொல்லி ஆணை வந்தது. இணையத்தோடு இணையும் கருவிகளைக் கையால் செய்து பழகும் செய்முறைப் பயிற்சி. வேலையில் இருப்பவர்களுக்கானது, இரண்டு வாரம், காலையில் மட்டும். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுக்கத் தெரிந்தவர் கிடங்கில் அவர் ஒருவர்தான் என்பதால் அந்த அம்மாளின் பெயரையே கொடுத்திருந்தார்கள்.

வகுப்பில் பக்கத்து இருக்கையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பயிற்சியாளருக்கு ஸ்டோர்கீப்பரின் மகள் வயது இருக்கும். ஆளுக்கொரு சின்ன மின்சுற்றுப் பலகையும் கொஞ்சம் வயரும் மிளகு அளவில் ஒரு வெப்ப உணரியும் கொடுத்தார். முதல் நாள் ஸ்டோர்கீப்பர் பலகையை எரித்தார். இரண்டாம் நாள் லிஃப்ட் மெக்கானிக் எரித்தார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு சகஜமானது.

அவரவர் வேலையிடத்தில் எதையாவது அளந்து, அதில் உள்ள குறையைக் கண்டுபிடித்து வருவதுதான் தேர்வு. ஸ்டோர்கீப்பர் குளிர் அறையை எடுத்துக்கொண்டார். ஊசி மருந்துகள் இருக்கும் அந்த அறையில் வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. உள்ளே உணரியை வைத்து, கதவு திறப்பதைக் கவனிக்க ஒரு காந்தத்தையும் பொருத்தினார். அதற்கான அனுமதிக் கடிதத்தில் பெரிய மேடம் கையெழுத்துப் போட்டார். பெரிய மேடம் என்றால் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். குரலை உயர்த்தியதே கிடையாது. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வராந்தாவில் நிற்பவர்களுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். அன்றைக்குக் கையெழுத்துக்கு வந்த எண்பது தாள்களில் அந்தக் கடிதமும் ஒன்று, அவர் படிக்கவில்லை.

உணரி எடுத்த அளவுகள் ஸ்டோர்கீப்பரின் போனுக்கு வந்தன. முதல் மூன்று நாளும் காலை பதினொன்று இருபதுக்குக் கதவு திறந்திருந்தது. ஆறு நிமிடம் மூடவில்லை. நான்கு டிகிரியில் இருந்த அறை ஏழரைக்குப் போய் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் இவர் வகுப்பில் இருந்தார், உதவியாளர் டீ குடிக்கப் போயிருந்தார்.

வீட்டில் சொன்னபோது எலியாக இருக்கும் என்றார் கணவர். எலி ஆறு நிமிடம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்குமா என்று கேட்டார் இவர். ரிட்டையர் ஆன எலியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கணவர் ஃபேனை ஒன்றில் வைத்தார். இவர் எழுந்துபோய் ஐந்தில் வைத்தார். உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இவருக்குத் திடீர் திடீரென்று சூடு ஏறி வேர்க்கத் தொடங்கியதிலிருந்து, ஒரு வருடமாக அந்த வீட்டில் ஃபேன்தான் சண்டை.

சனிக்கிழமை வகுப்பு இல்லை. ஸ்டோர்கீப்பர் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்று இருபதுக்குப் பெரிய மேடம் வந்தார். தன் சாவியால் குளிர் அறையைத் திறந்து, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு அட்டைப் பெட்டியை முட்டுக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். இன்சுலின் பெட்டிகளின் மேல் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பின்கழுத்தில் வியர்வை ஓடியது. ஸ்டோர்கீப்பருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள்தான் அவரே வகுப்பிலிருந்து எழுந்துபோய்க் குழாயடியில் கழுத்தை நனைத்துவிட்டு வந்திருந்தார்.

கடைசி நாள் அவரவர் செய்ததைக் காட்டினார்கள். அதிகாரிகளையும் அழைத்திருந்தார்கள். பெரிய மேடம் முன்வரிசையில் இருந்தார். திரையில் வந்த வரைபடத்தில் நாளுக்கொரு மேடு தெரிந்தது. அது என்ன என்று பயிற்சியாளர் கேட்டார்.

"கதவு திறந்திருந்துச்சு."

"யார் திறந்தாங்க?"

"அது கருவிக்குத் தெரியாது."

லிஃப்ட் மெக்கானிக் இருமினார். ஸ்டோர்கீப்பர் திரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "உள்ள போறவங்க கதவு மூடிக்கிட்டா மாட்டிக்குவோம்னு பயப்படறாங்க. அதான் திறந்து வைக்கிறாங்க. உள்பக்கம் பச்சைக் குமிழ் ஒண்ணு இருக்கு, தள்ளினா திறந்துக்கும். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. தப்பு என்னோடதுதான்."

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆளைக் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காகப் பயிற்சியாளர் பத்துக்கு ஆறரை போட்டார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒன்பது கிடைத்தது.

திங்கட்கிழமை கிடங்குக்கு வந்ததும் குமிழைக் காட்டும் ஒரு அறிவிப்பை ஸ்டோர்கீப்பர் கதவில் ஒட்டினார். அன்று உதவியாளரோடு அவரும் டீ குடிக்கப் போய்விட்டார். பதினொன்று இருபதுக்குக் கதவு பத்து விநாடி திறந்ததாகப் போன் காட்டியது. ஆறு நிமிடம் கழித்து மறுபடி பத்து விநாடி. அறை நான்கு டிகிரியிலேயே இருந்தது.

மாலையில் பெரிய மேடம் கூப்பிட்டனுப்பினார். மெமோதான் என்று நினைத்துக்கொண்டு ஸ்டோர்கீப்பர் போனார். உட்காரச் சொன்ன பெரிய மேடம், அவர் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைப்பதைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உங்களுக்கு எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா மேடம்."

"எனக்கு ரெண்டு. டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இல்ல மேடம். நீங்க?"

"நானே டாக்டர்தானேன்னு போகலை."

வியாழக்கிழமை இருவரும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பெண் மருத்துவரிடம் போனார்கள். டோக்கன் பதினான்கும் பதினைந்தும் கிடைத்தன. ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. பெரிய மேடம் அதில் ஸ்டோர்கீப்பரை உட்காரச் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் அங்கே அவரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எழுந்து இடம் கொடுக்கவும் யாரும் இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அதில் அவருக்கு ஒன்றும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.