வலி நின்ற மதியம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அம்மாவை என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுக மனசுக்குள் அடுக்கிக்கொண்டேதான் வந்தேன். வீட்டுக்கு வந்து கேட்கத்தான் வாய் வரவில்லை.

மூத்தவள் தீபலட்சுமியை ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அவள் நடை பழகுவதற்குள் அடுத்தது வயிற்றில் தங்கிவிட்டது. உள்தழும்பு இன்னும் பலப்படவில்லை, வலி வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வந்து படுத்துவிடு என்று கோவில்பட்டியில் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் சுடலைராஜ் லாரியில் நாக்பூர் பக்கம் போயிருந்தார். அவர் வந்ததும் போய்ப் படுக்கலாம் என்று எப்போதும்வென்றான் கிராமத்தில் அம்மா வீட்டில் இருந்தேன்.

அன்று காலையில் இடுப்பைப் பிடித்தது. அம்மா உளுந்துக்காட்டுக்குக் களையெடுக்கப் போகவில்லை. சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்து, கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைத்தாச்சிக்கு வலி கண்டாலும் முதலில் இதுதான்.

“குடிட்டி. சூட்டு வலின்னா அடங்கிரும், பிள்ளை வலின்னா கூடிரும். கூடுச்சுன்னா உடனே வண்டியைக் கூப்பிட்டுருவோம்.”

வலி கூடியது. அம்மா பையில் சேலையும் பழைய துணியும் எடுத்து வைத்தாள். போனை எடுக்கப் போன நேரத்தில், உள்ளே ஏதோ பிய்ந்ததுபோல் சுரீரென்று ஒரு வெட்டு வெட்டியது. அதோடு சரி. வலி நின்றுவிட்டது.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். சூட்டு வலிதான் என்று அம்மா பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள். பருப்புச் சோறு பிசைந்து, முட்டை அவித்து, அவளே ஊட்டியும் விட்டாள். நாலு வாய் சாப்பிட்டேன். சிரிக்கக்கூடச் செய்தேன், பாவி.

கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை வலித்தது. உடம்பு சில்லிட்டு வேர்த்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பொழுதுக்கும் உதைக்கிறவன் உதைக்கவில்லை. பிறகு ஆம்புலன்ஸ் வந்ததும், அம்மா என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டதும்தான் ஞாபகம். கண் விழித்தபோது பையனும் இல்லை, கர்ப்பப்பையும் இல்லை.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பழைய தழும்பு இருந்த இடத்தில் கர்ப்பப்பை கிழிந்துவிட்டதாம். கிழிந்ததும் சில பேருக்கு வலி அப்படியே நின்றுவிடுமாம். அடுத்த சில நிமிஷங்களுக்குள்ளேயே பிள்ளை போயிருப்பான் என்றார். சீரகத் தண்ணீர் எதையும் கெடுக்கவில்லையாம். வலியை நிறுத்தியதும் அது இல்லையாம். அம்மா அப்போது வெளியே வராந்தாவில் நின்றிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

அப்பாடா என்று நான் சாய்ந்த நேரத்தில்தான் என் பிள்ளை செத்துக்கொண்டிருந்தான். இந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா குழம்புக்குக்கூடச் சீரகம் போடுவதில்லை. நேற்று மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஏட்டி விஜி, வலி நின்னப்போ பிள்ளை உசுரோடதான இருந்தான்?”

அடுக்கி வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் கையைப் பார்த்தேன். எனக்குச் சோறு ஊட்டிய கை மடியில் கிடந்தது.

“இருந்தாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் போயிட்டான்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அப்போ நான் ஊட்டுன சோறு அவனுக்கும் போயிருக்கும்லா,” என்றாள். “எம் பேரன் வெறும் வயித்தோட போகலலா.”