மேலே ஏறிய தண்ணீர்

சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு வீடு திரும்பும்போது தோளில் ஒரு மூட்டை அழுக்குத் துண்டும் கூடவே வரும். அதைத் துவைப்பது அவர் மனைவியின் பாடு. துவைக்கிற தொட்டி இருந்ததோ வீட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே இருந்த அறையில். கழிவுநீர்க் குழாய் அந்த அறைச் சுவரில் அவள் தலைக்கு மேலே ஓடியது. தொட்டித் தண்ணீர் அங்கே தானாக ஏறுமா? வாளி வாளியாகப் பிடித்துப் படியேறிப் போய்ப் பின்வாசலில்தான் கொட்ட வேண்டும்.

போன மழையில் அந்தப் படியில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிக் கிடந்தாள். அப்போது வந்து பார்த்த குழாய்க்காரர், "தரையை உடைக்காம ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையை விரித்துவிட்டார். சலூன்காரரும் அதையே பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் பக்கத்துத் தெரு பேக்கரிக்குப் போனவள் அதன் கீழ்த்தளத்தை எட்டிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மூடி போட்ட ஒரு பெட்டி. உள்ளே சின்ன பம்பு இருக்கிறது என்றார் பேக்கரிக்காரர். தண்ணீர் பெட்டியில் இறங்கி நிறைந்ததும் மிதவை மேலெழும்பிப் பம்பை முடுக்கும். பம்பு ஓடி, தண்ணீரைச் சுவர்க் குழாய்க்கு ஏற்றிவிடும். அவள் வாங்கப் போன ரொட்டியையே மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"என்னங்க, நமக்கும் ஒண்ணு போட்டுடலாம்."

"யார் போடுறது?"

"நான்தான்."

சலூன்காரர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த காபி புரையேறியது. அவர் தங்கைக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நாத்தனாரின் குரலுக்காகவே தெருவில் எல்லோரும் அவளை வெடி என்பார்கள். "சிரிக்காதண்ணே! நீயா வாளி தூக்குற? அண்ணி, நீங்க வாங்கிட்டு வாங்க. நான் கூட நிக்கிறேன்."

பம்பு வந்தது. மறுநாள் காலையிலேயே இருவரும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். பெட்டியைத் தொட்டிக்கு அடியில் ஆடாமல் உட்கார வைத்தார்கள். பெட்டிக்குள் அடைபடும் காற்று வெளியேறத் தனியாக ஒரு குழாயை இழுத்துவிட்டார்கள். தண்ணீர் ஏறுகிற குழாயைச் சுவர்க் குழாயோடு சேர்த்தார்கள். அதில், ஏறியது திரும்பி இறங்காமலிருக்க ஒரு வால்வை வைத்துக் கிளாம்பு போட்டு முறுக்கினார்கள். வெடி பசை தடவிய குழாயைப் பிடித்துக்கொண்டே, "சீக்கிரம் மாட்டுங்கண்ணி, நானும் சேர்ந்து ஒட்டிக்கப் போறேன்" என்றாள்.

தொட்டியில் தண்ணீரைத் திறந்தார்கள். பெட்டி நிறைந்தது. பம்பு உறுமியது, நன்றாகவே உறுமியது. ஆனால் மேலே ஒரு சொட்டு ஏறவில்லை. தொட்டியில்தான் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது.

படியில் நின்று வேடிக்கை பார்த்த சலூன்காரர், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு அந்தப் பிளக்கைப் புடுங்குங்க" என்றாள் மனைவி. அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. இறங்கி வந்து பிடுங்கினார்.

அவள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழாயை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். பம்பு ஓடுகிறது, குழாயில் கசிவு இல்லை. அப்படியானால் வழியில் ஏதோ மறிக்கிறது. வால்வில் விரல் நின்றது. அதன் மேல் ஒரு அம்புக்குறி, தரையைப் பார்த்தபடி.

"அடிப்பாவி! தலைகீழா மாட்டியிருக்கோம்டி!"

கிளாம்பைத் தளர்த்தியதும் வால்வுக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீர் இருவர் முகத்திலும் பீய்ச்சி அடித்தது. துடைக்கக்கூட நிற்கவில்லை. வால்வைத் திருப்பி, அம்பு மேலே பார்க்க மாட்டி, முறுக்கி, பிளக்கைச் செருகினாள். பம்பு உறுமியது. குழாய் ஒரு உலுக்கு உலுக்கியது. தலைக்கு மேலே சுவர்க் குழாயில் சலசலவென்று சத்தம். தொட்டித் தண்ணீர் சுழித்துச் சுழித்து இறங்கி, அடிப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது.

வெடி போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

சில வாரம் கழித்துப் பம்பின் குரல் மாறியது. முக்கி முனகி, பிறகு ஓய்ந்தே போயிற்று. இந்த முறை அவள் பதறவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள், ரப்பர் கையுறை போட்டாள், பெட்டி மூடியைக் கழற்றிப் பம்பைக் கவிழ்த்தாள். உள்ளே சுழலும் விசிறியைச் சுற்றிக் கயிறு போல் முறுக்கிக்கொண்டிருந்த முடியை மெல்ல மெல்ல உருவி எடுத்தாள். எலி அளவுக்கு ஒரு உருண்டை.

சலூன்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்தச் செம்பட்டை நம்ம பேக்கரிக்காரர் சாயம். இது போஸ்ட்மாஸ்டர். பாவம், அவர் தலையில இவ்வளவு மிச்சமில்ல."

"ஆராய்ச்சி போதும். இனிமே துண்டை எல்லாம் கடையிலயே உதறிட்டுத்தான் கொண்டுவரணும்" என்றாள். தொட்டியின் வாயில் ஒரு வலையை வைத்துக் கட்டினாள். வாரம் ஒரு முறை வலையை எடுத்துக் கழுவுவது, மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று அவளே சட்டம் போட்டாள். வலை கழுவும் வேலை சலூன்காரர் தலையில் விழுந்தது.

பம்பை மறுபடி ஓடவிட்டபோது படி முழுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள். முன்வரிசையில் எதிர்வீட்டுக்காரி. "எங்க வீட்டுக்கு எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்கே!" என்று அண்ணிக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னாள் வெடி. சொன்ன வேகத்தில் ஸ்பானரைத் தேடக் கிளம்பிவிட்டாள்.